சாட்சியச் சட்டத்தின் பூர்வோத்தரம்

சட்டம் பயிலும் மாணவர்களிடையே தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் ஓர் எண்ணம் உண்டு. தண்டனைச் சட்டமாவது நம் ஊர்க் களவையும் கலகத்தையும் பற்றிப் பேசுகிறது. இந்து சட்டமாவது நம் வீட்டுப் பாகப்பிரிவினையையும் சுவீகாரத்தையும் பற்றிப் பேசுகிறது. சாட்சியச் சட்டம் ஒன்றுதான், அங்கமும் பிராணனும் அந்நியமானதாய், சீமையிலிருந்து கப்பலேறி வந்து, ஊரும் பேரும் இல்லாத ‘ஏ’ என்பவன் ‘பி’ என்பவனைத் தடியால் அடித்த உதாரணங்களோடு நம் தலைமேல் இறங்கியது என்பதே அந்த எண்ணம். இதில் பாதி உண்மை இல்லாமற் போகவில்லை. மற்றப் பாதியைத் தேடிப் புறப்படுகிறவன் லண்டன் நகரத்து நியாயசபைகளுக்குப் போகவேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னை இராஜதானியின் தாலுகாக் கச்சேரிகளுக்கும், அதே காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் நடந்த ஒரு சட்ட வகுப்புக்கும் போனால் போதும்.

அந்த வகுப்பை நடத்தியவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் பாரிஸ்டர். பிற்காலத்தில் சென்னையின் அட்வகேட் ஜெனரலாக உயர்ந்தவர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசாங்கத் தரப்பில் வாதாடிய எர்ட்லி நார்ட்டனுக்குத் தகப்பனார். 1853-ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியாவின் நீதி பரிபாலனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, கம்பெனியின் ஜில்லாக் கோர்ட்டுகளில் நீதிபதி ஆசனத்தில் வீற்றிருந்த ஸிவிலியன் துரைமார் சட்டம் படியாதவர்கள் என்பதை, அவர்கள் எழுதிய தீர்ப்புகளையே சபையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்து, அதிகாரிகளின் மனக்கசப்பைத் தாராளமாகச் சம்பாதித்துக்கொண்டவர் அவர். 1850-களில் மாநிலக் கல்லூரியில் சட்டத்துக்கென்று ஒரு வகுப்பு ஏற்பட்டபோது அதன் போதகரானார். கம்பெனி நீதிமன்றங்களுக்கு உரிய சாட்சியச் சட்டத்தைப் பற்றி அங்கே அவர் செய்த விரிவுரைகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சென்னையிலேயே புத்தகமாகவும் வெளிவந்தன. நம் நாட்டில் இந்தச் சாஸ்திரம் ஒரு கல்லூரிப் பாடமாக உருக்கொண்ட வரலாற்றில் அந்த நூலுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. இன்றைய மாணவர்களில் அதன் பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

அந்நாளில் இப்பாடத்தைப் போதிப்பது எளிய காரியமன்று. போதிப்பதற்குச் சட்டம் ஒன்றாக இருக்கவில்லை என்பதே காரணம். சென்னைப் பட்டணத்து எல்லைக்குள் 1801-ல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு இங்கிலாந்தின் சாட்சிய விதிகளை, அவற்றின் சகல சிக்கல்களோடும், அனுசரித்து வந்தது. பட்டணத்து எல்லையைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம் போய்விட்டால் கம்பெனியின் அதாலத்துகள். அங்கே குற்ற வழக்குகளுக்கு ஆதாரமாக இருந்தது ரெகுலேஷன்களால் அங்கங்கே வெட்டியும் ஒட்டியும் திருத்தப்பட்ட முகம்மதிய சட்டம். இத்தனை சாட்சிகள் வேண்டும், இன்னார் சாட்சி செல்லும், இன்னார் சாட்சி செல்லாது என்று எண்ணிக்கையாலும் யோக்கியதையாலும் சாட்சியத்தை எடைபோடும் முறை அது. இங்கிலாந்துக்கும் இந்த விஷயத்தில் பெருமை பேசிக்கொள்ள இடமில்லை: வழக்கின் வாதியும் பிரதிவாதியும் தம் வழக்கிலேயே கூண்டேறிச் சாட்சி சொல்லலாம் என்பது அங்கே சிவில் வழக்குகளில் பொது விதியானதே 1851-ல்தான். 1855-ல் நமது சட்டசபை இயற்றிய இரண்டாம் சட்டம் இந்த அலங்கோலத்தில் சிற்சில மூலைகளைப் பெருக்கியதேயன்றி வீட்டை ஒழுங்கு செய்யவில்லை. ஜில்லா முனிசீப்புகளும் வக்கீல்களும் கம்பெனியின் மேல் நீதிமன்றமான சதர் கோர்ட்டின் முன்தீர்ப்புகளைத் தேடியும் கேட்டும் காலம் தள்ளினார்கள். நாவலாசிரியராகத் தமிழுலகம் அறிந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தாம் முனிசீப்பாக இருந்த காலத்தில், 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத்துத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரால் வெளியிட்டாரே, அந்தப் பெரும்பணியின் அருமை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

நார்ட்டன் வகுப்பில் சாட்சியத்தைப் பற்றிப் போதித்தது ஒரு புறமிருக்க, சாட்சியம் உண்டாக்கப்படும் இடத்தையும் அவர் நேரில் ஆராய நேர்ந்தது. சென்னை இராஜதானியில் சர்க்கார் சிப்பந்திகள் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854-ல் இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் எழுந்தது. அதை விசாரிக்கச் சென்னை அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கமிஷனர்களாக நியமித்தது. அவர்களுடைய அறிக்கை 1855-ல் வெளிவந்தது. அதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் திகைப்பூட்டுவது, ஆங்கிலேயக் கனவான்கள் எழுதிய அந்த அறிக்கையின் நடுவே மாற்றப்படாமல் நிற்கும் தமிழ்ப் பெயர்களே. ‘கிட்டி’ என்று ஒன்று: இரண்டு மரக்கட்டைகளை ஒரு முனையில் பிணைத்து, நடுவில் கைவிரல்களை வைத்து மறுமுனையை நெருக்கினால், ஒருவன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்பது அவன் வைராக்கியத்தைப் பொறுத்தது. ‘அண்ணாந்தாள்’ என்று மற்றொன்று: ஆளைக் குனியவைத்து, அவன் மேல்வேட்டியையோ ஒரு கயிற்றுப் புரியையோ கழுத்தின்மேல் கொண்டுவந்து கால் பெருவிரல்களுக்கு அடியில் கொடுத்து இழுத்துக் கட்டி, வெயிலில் நிறுத்திவிடுவது, முதுகின்மேல் ஒரு கல்லை ஏற்றுவதும் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை ஒன்றுக்கும் இதே பெயர் வழங்கியது என்பதை நினைக்கும்போது, கச்சேரிச் சேவகர்கள் இந்த வித்தையை வெளியே போய்க் கற்கவேண்டியிருக்கவில்லை என்று தோன்றுகிறது. கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவதும் அந்த வரிசையில் வருகிறது.

இந்தக் கொடுமைகளில் பெரும்பகுதி கிஸ்தி வசூலுக்காக நடந்தது. ஆனால் வரி தண்டும் தாசில்தாரே போலீஸ் அதிகாரமும் உடையவனாயிருந்த ஏற்பாட்டில், பணத்தைக் கறப்பதற்குப் பழகிய கை வாக்குமூலத்தைக் கறப்பதற்கும் அதே முறையைக் கையாண்டது. கிராமத்தில் ஒரு வீடு கன்னமிடப்பட்டால், தடயம் தேடி அலைவதைக் காட்டிலும், ஊரில் பெயர் கெட்ட ஒருவனைப் பிடித்து வந்து அவன் வாயாலேயே ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லவைப்பது சுலபம். புகார் சொல்லத் தொலைதூரத்து ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள். கம்பெனியின் பிரதிநிதிகளே கையொப்பமிட்ட இந்த அறிக்கை அக்காலத்தில் கடல் கடந்தும் பேசப்பட்டது. 1857-ன் கலகச் செய்திகள் வந்துகொண்டிருந்த சமயத்தில், கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கட்டுரையில், கலகக்காரர்களின் கொடுமையை மட்டும் பேசும் ஆங்கிலேயர்களுக்கு இதே சென்னை அறிக்கையை எடுத்துக் காட்டினார். சென்னையில் வரி வேறு, போலீஸ் வேறு என்று பிரித்து 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்ததற்கும் இந்த விசாரணையே பெருந்தூண்டுதல்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் செய்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று ஒரு விதி 1861-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்று, பதினோரு வருஷங்களுக்குப் பிறகு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாகக் குடியேறியது. போலீஸ் காவலில் இருக்கும்போது, மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் அல்லாமல், வேறு எவரிடம் ஒப்புக்கொண்டாலும் அதுவும் செல்லாது என்றது 26-ஆம் பிரிவு. அந்நாளைய இங்கிலாந்தில் இப்படி ஒரு தடை கிடையாது; அங்கே வாக்குமூலம் மனமுவந்து கொடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்து, போலீஸ்காரரிடம் கொடுத்ததாயினும் ஏற்றுக்கொள்வார்கள். இங்கேதான், மனமுவந்ததா இல்லையா என்ற விசாரணைக்கே இடங்கொடாமல், கதவையே சாத்திவிட்டார்கள். சென்னை அறிக்கை ஒன்றே இதற்குக் காரணம் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. வங்காளத்துப் போலீஸ் தாரோகாக்களைப் பற்றியும் அதே புகார் நெடுநாளாக இருந்தது. ஆயினும், சீமைச் சட்டத்தின் நகல் என்று மாணவர்கள் நினைக்கும் ஒரு நூலில், நீதிமன்றங்களில் அதிகமாக எடுத்தாளப்படுகிற பிரிவுகளில் இரண்டு, நம் தாலுகாக் கச்சேரிகளின் அண்ணாந்தாளிலிருந்தும் கிட்டியிலிருந்தும் பிறந்தவை என்பதை வகுப்பில் யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த எண்களை மனனம் செய்ய இவ்வளவு பாடுபட வேண்டியிருந்திருக்காது.

இந்தச் சாட்சியச் சட்டத்தை இயற்றியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவருக்கு முன் வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த ஹென்றி மெயின், இங்கிலாந்திலிருந்த கமிஷனர்கள் தயாரித்த 39 பிரிவுகள் கொண்ட மசோதா ஒன்றை 1868-ல் கொண்டுவந்தார்; அது ஆங்கிலச் சட்டத்தை முன்பே கற்றவனுக்கன்றி மற்றவர்களுக்கு விளங்காது என்று மாகாணங்கள் கைவிரித்துவிட்டன. 1869-ன் இறுதியில் இந்தியா வந்து 1872 ஏப்ரலில் திரும்பிவிட்ட ஸ்டீபன், அந்த மசோதாவை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒன்றை எழுதினார். வக்கீல்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கடிவாளமிடும் சில பிரிவுகளை அவர் முதலில் சேர்த்திருந்ததைக் கண்டு வழக்கறிஞர் உலகம் கொதித்தெழுந்தது. அவற்றின் கடுமை தணிந்த எச்சங்களை இன்றும் குறுக்கு விசாரணைப் பிரிவுகளில் காணலாம். 1872-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், 167 பிரிவுகளோடு, அவ்வருஷம் செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதே ஆண்டில், மாணவருக்கும் ஜில்லா அதிகாரிக்கும் பயன்படும்படி, நீதிமன்றச் சாட்சியத்தின் தத்துவத்தை விளக்கும் ஒரு நீண்ட முன்னுரையோடு அவரே அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஸ்டீபனின் குணவிசேஷம் அலாதியானது. ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரக் கோட்பாட்டைத் தாக்குவதற்கு ஊர் திரும்பும் கப்பலிலேயே பேனாவை எடுத்தவர் அவர். ஆனால் சாட்சியத்தைப் பற்றிய அவருடைய சித்தாந்தத்துக்கு மூலபுருஷர் ஜெரமி பெந்தாம். அந்தப் பெந்தாமின் ஐந்து வால்யூம் சாட்சிய நூலை இளமையில் பதிப்பித்துக் கொடுத்தவரோ சாக்ஷாத் அந்த மில்தான்! ஏகாதிபத்தியத்தில் அசையாத நம்பிக்கை கொண்டவர் ஸ்டீபன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் போலீஸ் விஷயத்தில் அவருக்கு மயக்கம் இல்லை. வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சுகமான வேலை என்று இந்தியாவில் அனுபவம் பெற்ற ஸிவில் அதிகாரி ஒருவர் விளக்கியதாகப் பிற்காலத்தில் தம் குற்றச் சட்ட வரலாற்றில் அவரே பதிவு செய்தார்.

கதவைச் சாத்தியவர்கள் ஒரு சாளரத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். அதுதான் 27-ஆம் பிரிவு. காவலில் இருப்பவன் சொன்னதன் விளைவாக ஒரு பொருண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய அளவுக்கு அவன் சொல்லை நிரூபிக்கலாம். இந்தச் சாளரத்தின் வழியாகப் போலீஸார் முழு வாக்குமூலத்தையும் உள்ளே தள்ளப் பார்த்ததும், நீதிபதிகள் அதை வெளியே தள்ளப் பார்த்ததும் ஒரு நூற்றாண்டுக் கதை. அதற்கு எல்லைக் கல் நட்டது, சென்னை ஹைகோர்ட்டிலிருந்து அப்பீலாகப் போய் 1946-ன் இறுதியில் பிரிவி கவுன்ஸில் தீர்த்த புலுகூரி கோட்டய்யா வழக்கு. ‘இன்னாரைக் குத்திய கத்தியை என் வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்’ என்று ஒருவன் சொல்லிக் கத்தியும் கிடைத்தால், கண்டுபிடிக்கப்பட்டது கத்தி என்னும் வஸ்து அன்று. அது கூரையில் இருந்ததும், அங்கே இருப்பதை அவன் அறிந்திருந்ததுமே. ஆகவே எடுத்துத் தருவதாகச் சொன்ன வாக்கியம் உள்ளே வரலாம், குத்தியதாகச் சொன்ன வாக்கியம் வெளியே நிற்க வேண்டும். ஒரு வாக்கியத்தை இரண்டாக அறுத்து ஒரு பாதியை மட்டும் மனத்தில் கொள்வது மனிதனால் ஆகிற காரியமா என்று கேட்கலாம். நீதிபதியிடம் சட்டம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

வாய்ச் சாட்சியில் இத்தனை சங்கடங்கள் இருக்க, ஆவணத்தின் கதை வேறு. அதைப் படிக்கும் தமிழ் மாணவன், தான் சிறுவயதில் கேட்ட ஒரு கதையைச் சட்டப் பிரிவுகளின் வழியே மறுபடி கேட்கிறான் என்றே சொல்லவேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், மணப்பந்தலில் வந்து சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்காடும் முதிய வேதியர், ஓர் ஓலையைக் காட்ட, மணமகன் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அனுபோகம், எழுத்து, பிறர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி சபையார் கேட்கிறார்கள். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். எதிரி பலாத்காரம் செய்யாமல் காப்பதாகச் சபையார் உறுதி சொன்ன பிறகே அதை வெளியே எடுக்கிறார். கரணத்தான் வாங்கிப் படிக்கிறான். பாட்டனாரின் கையெழுத்தும் சாட்சிகளின் ஒப்பமும் அதில் காணப்படுகின்றன. அத்தோடு விட்டார்களா? இது உன் பாட்டனார் எழுத்துத்தானா பார் என்று பேரனிடமே காட்டுவதுடன், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, எழுத்து ஒத்திருக்கக் கண்டபிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு ஸ்டீபன் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் முழுவதையும் போதித்துவிடலாம். மூலமும் படியும் எந்தப் பிரிவில் வருகின்றன? அறுபத்திரண்டிலும் அறுபத்துமூன்றிலும். மூலத்தையே எதிரி அழித்திருந்தால் முதியவருக்குக் கதி என்ன? அறுபத்தைந்தாம் பிரிவு கைகொடுக்கும். ஒப்பமிட்ட சாட்சிகளை அழைக்க வேண்டாமா? அறுபத்தெட்டைப் பார். கையெழுத்தைச் சபையே ஒப்பிட்டுப் பார்க்கலாமா? எழுபத்துமூன்று அனுமதிக்கிறது. பாட்டனார் காலத்து ஓலையல்லவா, முப்பது ஆண்டுக்கு மேற்பட்டு, உரிய இடத்திலிருந்து வருவதானால் தொண்ணூறாம் பிரிவின் அனுமானம் கிடைக்குமே என்று கூர்மையான மாணவன் எழுந்து நின்றால், உரிய இடம் என்பதைப் பற்றி அரைமணி நேரம் வாதம் நடத்தலாம். சபையார் கேட்ட அந்த மூன்று பிரமாணங்களும் சேக்கிழார் கற்பித்தவை அல்ல. லிகிதம், புக்தி, சாக்ஷி என்று யாக்ஞவல்கியர் ஸ்மிருதி வகுத்தவையே அவை. மூன்றும் இல்லாதபோது துலை, அக்னி, ஜலம், விஷம், கோசதீர்த்தம் என்னும் திவ்யப் பரீட்சைகளுக்குப் போகலாம் என்றது அந்த ஸ்மிருதி. கம்பெனியின் கோர்ட்டுகளில் துளசியையும் கங்கா ஜலத்தையும் குரானையும் தொட்டுச் செய்த சத்தியமும் 1840-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெறும் உறுதிமொழியாக மாறியது. தெய்வம் கூண்டிலிருந்து இறங்கியபின் குறுக்கு விசாரணை ஒன்றே பொய்க்கு மருந்தாக மிஞ்சியது. கிராமத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயங்குகிறவன் கோர்ட்டில் தயங்காமல் பொய் சொல்கிறான் என்று அனுபவசாலிகளான வக்கீல்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை.

மூலம் எது, படி எது என்ற கவலை வக்கீல்களோடு நிற்கவில்லை. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை பி. எல். பட்டம் பெற்றது 1871-ல், அதாவது ஸ்டீபனின் மசோதா விவாதத்தில் இருந்த ஆண்டில். அதற்கு மூன்று வருஷம் முன்பே தொல்காப்பியச் சேனாவரையத்தை அச்சிட்டவர். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்த காலத்தை ஒட்டிக் கலித்தொகையையும் வெளியிட்டவர். செல்லரித்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது பழைய பாடம் என்று தீர்மானிக்கும் பதிப்பாசிரியனுக்கும், இரண்டு ஓலைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நியாயாதிபதிக்கும் அதிக தூரம் இல்லை.

1891-ல் சென்னைச் சட்டக் கல்லூரி தனி ஸ்தாபனமாக ஏற்பட்டு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹைகோர்ட்டு வளாகத்திலேயே சிவந்த கோபுரங்களோடு கூடிய தன் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. அந்த நிலம் முன்பு கம்பெனிக்காரர்களின் இடுகாடு. சென்னைக் கவர்னராயிருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டுக்கும் நண்பர் ஹின்மர்ஸுக்கும் எழுப்பிய கூர்ங்கோபுரக் கல்லறை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. மாணவர்களுக்கு இந்த இடத்தால் விளைந்த லாபம் பெரிது. வகுப்பில் குறுக்கு விசாரணைப் பிரிவுகளைப் படித்துவிட்டு, சில நூறு அடி நடந்து போனால், அதே பிரிவுகள் அங்கி தரித்துக்கொண்டு நடமாடுவதைக் கண்ணால் காண முடிந்தது. வுட்ரோஃபும் அமீர் அலியும் சேர்ந்தெழுதிய பெருநூல் 1898-ல் வந்தது. அதன் பிறகு சர்க்கார், மோனிர், வேபா பார்த்தசாரதி என்று உரைகாரர்கள் பெருகினார்கள். மூலத்தின் ஒரு பிரிவுக்கு நூறு பக்க உரை என்னும் நிலை வந்தபோது, மாணவர்கள் மூலத்தை விட்டு உரையை விட்டு, பரீட்சைக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். இது வருந்தத்தக்கது, ஏனெனில், சட்ட நூல்களில் கதைப் புத்தகம் போலப் படிக்கத்தக்க நூல் ஒன்று உண்டானால் அது சாட்சியச் சட்டந்தான். ஒவ்வொரு பிரிவின் அடியிலும் ஸ்டீபன் வைத்த உதாரணங்கள் சிறுசிறு நாடகங்கள்: விஷம் வாங்கியவன், கடிதம் எழுதியவன், ஓடிப்போனவன், கள்ள நாணயத்தைத் தெரிந்தே வைத்திருந்தவன் என்று ஒரு பாத்திர வரிசையே அவற்றில் நடக்கிறது. எது எதற்குத் தொடர்புடையது என்ற அவருடைய தத்துவத்தில் ஓட்டை இருப்பதை விட்வர்த் என்பவர் 1875-ல் எடுத்துக்காட்டியபோது, ஸ்டீபன் அதை ஒப்புக்கொண்டு இங்கிலாந்துக்காகத் தாம் எழுதிய தொகுப்பில் திருத்திக்கொண்டார். இந்தியச் சட்டமோ திருத்தப்படாமல் அப்படியே இருந்துவிட்டது.

பரீட்சையில் தப்பாமல் வந்த கேள்வி ஒன்று உண்டு. குற்றத்தில் உடந்தையாயிருந்தவனுடைய சாட்சியத்தை மட்டும், வேறு ஆதரவில்லாமல், நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது 133-ஆம் பிரிவு; உடந்தையாளி நம்பத்தகாதவன் என்று கோர்ட்டு அனுமானிக்கலாம் என்றது 114-ஆம் பிரிவின் ஓர் உதாரணம். இவ்விரண்டும் முரண்படுகின்றனவா? இல்லை, ஒன்று விதி, மற்றது விவேகம் என்று எழுதினால் மதிப்பெண் நிச்சயமாகக் கிடைத்துவந்தது. சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமில்லை என்ற 134-ஆம் பிரிவுக்கு, சென்னை ராஜ்யத்திலிருந்து போன வடிவேலுத் தேவர் வழக்கை எழுதவேண்டியிருந்தது. 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு அதில் சாட்சிகளை முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுமல்லாதவர் என்று மூன்றாக வகுத்தது. மூன்றாம் வகையாரிடம்தான் நீதிபதிக்கு வேலை.

மரண வாக்குமூலத்துக்குப் பகலா நாராயணசாமி வழக்கு. பூரி ரயில் நிலையத்தில் 1937-ஆம் வருஷம் மூன்றாம் வகுப்பு வண்டியில் ஓர் இரும்புப் பெட்டி அநாதையாகக் கிடக்க, அதைத் திறந்தபோது துண்டிக்கப்பட்ட ஒரு பிரேதம் இருந்தது. இறந்தவர் பித்தாபுரத்தில் வீட்டை விட்டுப் புறப்படும்போது, பாக்கிப் பணம் வாங்கப் பெர்ஹாம்பூர் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாவைப் பற்றிய எண்ணமே இல்லாமல் வாசற்படியில் சொன்ன அந்தச் சொல் சாட்சியமாகுமா? அந்நாளைய இங்கிலாந்தில் ஆகாது, பிழைக்க வழியில்லை என்று அறிந்து சொன்ன சொல்லையே அங்கே மரண வாக்குமூலமாக ஏற்பார்கள், சாகப்போகிறவன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையில். நம் 32-ஆம் பிரிவு அந்த நிபந்தனையை விதிக்கவில்லை. சாவில் முடிந்த நிகழ்ச்சித் தொடரின் சந்தர்ப்பங்களைப் பற்றிச் சொன்னதாயிருந்தால் போதும் என்று 1939-ல் பிரிவி கவுன்ஸிலில் அட்கின் பிரபு தீர்த்தார். சீமைச் சட்டத்திலிருந்து இந்தச் சட்டம் விலகி நிற்கும் இடங்களைத் தேடும் மாணவனுக்கு 25-க்கு அடுத்தபடி நான் சுட்டிக்காட்டுவது இதையே.

ஸ்டீபனின் சட்டம் பின்னர் மறுபடியும் கப்பலேறியது, இம்முறை இந்தியாவிலிருந்து. 1893-ல் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களும், 1895-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையும் அதைப் பெரிதும் எண் மாறாமலே ஏற்றுக்கொண்டன. அதன் பயனாக, யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியும் பினாங்குத் தமிழ் வழக்கறிஞரும் மதுரை வக்கீலும் ஓரிடத்தில் கூடினால், ‘இருபத்தைந்தாம் பிரிவு’ என்று சொன்ன மாத்திரத்தில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கும் என்னும் நிலை ஏற்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவனே தன் தரப்புக்குச் சாட்சியாகக் கூண்டேறலாம் என்று 1955-ல் இந்தியா அனுமதித்தது. 2000-ல் கணினிப் பதிவுகளுக்காக 65-பி என்ற பிரிவு செருகப்பட்டது. இவை தவிர, கட்டடத்தின் அமைப்பில் கைவைக்க நூற்றைம்பது ஆண்டுகளாக எவரும் துணியவில்லை.

2023-ல் பாராளுமன்றம் இயற்றிய பாரதிய சாக்ஷிய அதிநியம் 170 பிரிவுகளோடு 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. பொருளில் பெரும்பகுதி ஸ்டீபனுடையதே, எண்கள்தாம் புதியவை. 25-ம் 26-ம் சேர்ந்து 23-ஆம் பிரிவாகிவிட்டன. 27 தன் தனி வீட்டை இழந்து அதற்குள்ளேயே ஒரு வரம்புரையாக ஒடுங்கிவிட்டது. 32 இப்போது 26. உடந்தையாளியைப் பற்றிய பிரிவு 138 ஆனதோடு, வேறு சாட்சியத்தின் ஆதரவு பெற்ற உடந்தையாளியின் சொல்லையே அது பேசுகிறது. ஆக, தலைமுறைகளாகப் பரீட்சை எழுதியவர்களுக்கு நிச்சயமான மதிப்பெண் தந்துவந்த கேள்வி பழைய உருவில் இனி வரப்போவதில்லை. ஆனால் அந்த ஜூலைக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்று புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவு சொல்கிறது. நம் கோர்ட்டுகளின் வேகம் எல்லோரும் அறிந்ததாகையால், இன்று சன்னத்துப் பெறும் ஜூனியர்கள் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு புத்தகங்களையும் கட்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கும்.